காற்றடித்த பக்கம்

தொலேகனின் ஆடு பதினொன்று.
அவன் தங்கையுடையது நான்கு.
கிணற்றுக்கு அப்பால், யாருடையது என்று தெரியாமல்
முளையோடு கிடந்த கிடா ஒன்று.

கால்கள் விறைக்கவில்லை.
மூக்கில் வழிந்த ரத்தம் கறுத்திருந்தது, உறையவில்லை.
கத்தியை உருவியவன் கையைப் பிடித்தேன்.
"கீறாதே. காற்றுப் பட்டால்
உள்ளே இருப்பது விதையாகிவிடும்.
உன் பேரன் ஆடு மேய்க்கும் காலத்திலும் மண்ணில் காத்திருக்கும்."
அவன் தோல்களைப் பார்த்தான். பதினொரு தோலின் விலை அவனுக்குத் தெரியும்.
பிறகு கத்தியைத் துடைத்தான்,
ஒன்றையும் வெட்டாத கத்தியை.

எங்கள் கசாக் மொழியில் இந்த நோய்க்கு 'எரிப்பது' என்று பெயர்.
புல்வெளிக்குப் பழைய விருந்தாளி.
வெள்ளம் வடிந்த பள்ளத்தில், மறந்துபோன புதைகுழி மேல்
கோடைக்குக் கோடை தலைகாட்டும்.
ஒரு பள்ளம், ஒரு மந்தை, அத்தோடு போகும்.
அதனால் முதல் நாள் நான் பயப்படவில்லை.
இதை அறிக்கையில் எழுதவில்லை.

மறுநாள் ஜீப்பின் மூடிமேல் வரைபடத்தை விரித்து
செத்த இடம் ஒவ்வொன்றிலும்
ஒரு சூரியகாந்தி விதை வைத்தேன்.
பையில் அதுதான் இருந்தது.
ஏழு இடம். ஏழு விதை.
ஏழும் ஒரே கோட்டில்.

நோய் நடந்து போனால் கோணல்மாணலாகப் போகும்,
தண்ணீரைத் தேடி, நிழலைத் தேடி, சந்தையைத் தேடி.
நூல் பிடித்தாற்போல் போவது காற்று மட்டும்தான்.
கோட்டின் வடமேற்கு முனையில் பள்ளமில்லை, புதைகுழியில்லை.
கூரை இடிந்த தானியக் கிடங்கு.
அதன் கதவில் புதுப் பூட்டு.

விதைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.
அன்று ஒன்றையும் கொறிக்கவில்லை.

மாவட்ட மருத்துவமனைக்கு அழைத்தேன்.
"காய்ச்சல், இருமல் என்று யாராவது?"
"தபால்காரி நுர்சிபா. ஃப்ளூ."
"ஜூன் மாதத்திலா?"
டாக்டர் பெக்சாத் சிரித்தார்:
"மாட்டு வைத்தியர் எனக்கு நெஞ்சு பார்க்கக் கற்றுத்தருகிறீர்களா?"
"ஆட்டைத் தொட்டாளா?"
"கம்பளி அவளுக்கு ஒவ்வாது."
"சனிக்கிழமை என்ன செய்தாள்?"
"வடக்கு ஜன்னலுக்கு நீல பெயின்ட் அடித்தாளாம். ஏன்?"
"எக்ஸ்ரேயை இன்னொருமுறை பாருங்கள்.
நுரையீரலை அல்ல. நடுவில்.
இரண்டுக்கும் இடையில் அகன்றிருக்கிறதா என்று."

உறையிலிருந்து படத்தை உருவும் சத்தம்.
விளக்குச் சுவிட்சின் சத்தம்.
அதன்பின் நெடுநேரம்
அவர் மூச்சு மட்டும்.

தலைநகரை எழுப்பினோம்.
அவர் ஒரு போனில், நான் ஒரு போனில்.
அந்த இரவு மனிதருக்கு ஒரு வைத்தியம்
மிருகத்துக்கு ஒரு வைத்தியம் என்று இருக்கவில்லை.
விடியுமுன் மாத்திரைகள் வந்தன.
முகக்கவசம், சுண்ணாம்பு, டீசல், பழைய டயர்கள்.
கறுப்புப் புகை எழுந்தபோது
தொலேகனின் நாய் அக்தோஸ் கட்டை இழுத்துக் குரைத்தது,
தன் மந்தையை யாரோ ஓட்டிப்போகிறார்கள் என்று.

அடுத்து இருமியபடி வந்த மூவரை
பெக்சாத் கேள்வி கேட்கவில்லை. முதலில் ஊசி, பிறகுதான் பெயர்.
மூவரும் பிழைத்தார்கள்.
நுர்சிபாவுக்கு நாங்கள் ஒன்றரை நாள் தாமதம்.

சீருடைக்காரர்கள் பூட்டை உடைத்தார்கள்.
என்னிடம் நிறையக் கேட்டார்கள்.
நான் கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
படிவத்தில் மூன்று கட்டம்:
இயற்கை. விபத்து. வேண்டுமென்றே.
பேனா முனை மூன்றாவதன்மேல் நின்று
ஒரு புள்ளி மட்டும் வைத்தது.

இருபதாம் நாள் தொலேகன் கேட்டான்,
"உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது?"
"நீ நன்றாய் இருக்கிறாய். நெஞ்சில் அது தூங்கிக்கொண்டிருக்கலாம். அறுபது நாள்."
வீடு வீடாகப் போய் அட்டைகளை எண்ணினேன்,
கடன் வசூலிப்பவளைப் போல.
சிலர் கதவே திறக்கவில்லை.

அறுபத்தோராம் நாள் காலியான அட்டைகளைக்
கயிற்றில் கட்டிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.
"இனி மேய்க்கலாமா?"
"அந்தப் பக்கம் வேண்டாம்."
"எத்தனை வருஷத்துக்கு?"

திரும்பி வரும் வழியில் நுர்சிபாவின் வீடு.
ஜன்னலில் பாதி நீலம், பாதி மரம்.
பெயின்ட் டப்பாவில் காய்ந்த தூரிகை நிமிர்ந்து நின்றது.
தொடலாமா என்று யோசித்தேன்.
வண்டியை விட்டு இறங்குமுன் விரலை நனைத்துத் தூக்கிப் பிடித்தேன்.
இப்போதெல்லாம் எங்கே இறங்கினாலும்
முதலில் அதைத்தான் செய்கிறேன்.